பத்துமலையில் ஓராங் ஊத்தான்: ஒன்பது பற்கள் சொல்லும் காட்டின் கதை

[திரையில்: பத்துமலைப் படிகளும் அவற்றுக்கு மேலே எழும் சுண்ணாம்புப் பாறை முகடும்]

வணக்கம். தைப்பூசத்தன்று காவடியோடும் பால்குடத்தோடும் நாம் ஏறிச்செல்லும் பத்துமலையின் குகைப் படிவுகளில் ஓராங் ஊத்தானின் பற்கள் கிடைத்துள்ளன. தீபகற்ப மலேசியாவின் காடுகளில் இன்று அவ்விலங்கு இல்லை. ஆனால், பத்துமலையிலும் பேராக் மாநிலத்துக் குகை ஒன்றிலும் கிடைத்த ஒன்பது பற்களை ஆராய்ந்த அறிஞர்கள், அது இங்கேயும் வாழ்ந்தது என்பதை 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பேராக்கில் கிடைத்தவை 5 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பத்துமலையில் கிடைத்தவை சுமார் 60,000 ஆண்டுகள் பழைமையானவை.

[திரையில்: குகைச் சுவரில் இறுகிப்போன படிவு; அதில் பதிந்த பல்லின் அண்மைக் காட்சி]

மலையின் பாறை பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் உருவானது. பாலூட்டிகளின் எச்சங்களோ அப்பாறைக்குள் இல்லை. நீர் அரித்துக் குடைந்த குகைகளுக்குள் மிகப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த மண்ணிலும் சரளையிலும் சிக்கி, சுண்ணாம்பு நீர் சொட்டச் சொட்ட அந்தக் கலவையோடு சேர்ந்து கல்லாக இறுகின. வெளியே, மழைக்காட்டின் ஈரத்தரையில் எலும்பு விரைவில் மட்கிவிடும். அதனால்தான் நம் நாட்டின் தொன்மையான விலங்குகளைத் தேடுவோர் குகைகளை நாடுகின்றனர்.

அங்கும் முழு எலும்புக்கூடு கிடைப்பது மிக அரிது. தென்கிழக்காசியக் குகைகளில் முள்ளம்பன்றிகள் எலும்புகளை இழுத்துவந்து கொறிப்பது வழக்கம்; பல்லின் வேரைக்கூட அவை விட்டுவைப்பதில்லை. எஞ்சுவது, உடலிலேயே மிகக் கடினமான எனாமல் மூடிய மேற்பகுதி மட்டுமே. இதை இழப்பு என்று மட்டும் கருதிவிட முடியாது, ஏனெனில் அந்த எனாமலில்தான் விலங்கின் உணவுக் குறிப்பு பதிந்திருக்கிறது. மரஞ்செடிகளும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலுள்ள கரியமில வாயுவை வெவ்வேறு வேதிவழிகளில் ஈர்ப்பதால், அவற்றில் சேரும் கனமான கார்பன் அணுக்களின் விகிதமும் வேறுபடுகிறது. உண்ட விலங்கின் பல்லில் அதே வேறுபாடு தங்கிவிடுவதால், அது மரநிழலில் மேய்ந்ததா, திறந்த புல்வெளியில் மேய்ந்ததா என்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டறியலாம்.

ஓராங் ஊத்தானைப் பொறுத்தவரை, அது இருந்ததே ஒரு சான்றாகிறது. மரங்களில் வாழ்ந்து, கனிகளைப் பெரிதும் நம்பியிருக்கும் அவ்விலங்கு பத்துமலைப் பகுதியில் இருந்ததென்றால், பனியுகத்தின் வறட்சி வேறிடங்களில் காடுகளைச் சுருக்கிய பிறகும் நமது மேற்குக் கரையில் போதிய காடு நின்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

[திரையில்: கடல்மட்டம் தாழ்ந்த காலத்துத் தென்கிழக்காசிய வரைபடம்]

அப்படியானால் அது ஏன் மறைந்தது? என்னை மிகவும் வியக்கவைத்த பகுதி இதுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு பனியுகம் உச்சத்தை அடைந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணை நிலமாக இருந்தது. பினாங்கு ஒரு தீவாகவே இல்லை. சுமத்ராவுக்கு நிலவழி திறந்திருந்த அக்காலத்தில் தீபகற்பத்தின் சூழல் ஓராங் ஊத்தானுக்கு ஒவ்வாததாக மாறி, அது இங்கே அற்றுப்போனதாக ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். பின்னர் வெப்பமும் மழையும் மீண்டு, காடும் செழித்தது. ஆனால் அதே வெப்பத்தால் பனி உருகிக் கடல் உயர்ந்துவிட்டதால், சுமத்ராவின் காடுகளில் தப்பிப் பிழைத்திருந்தவை திரும்பிவர நிலவழி இல்லாமல் போயிற்று.