கட்டிப் பார், காத்துப் பார்

தலைமை ஏற்றிருக்கும் புலவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தாமதமாக வந்தாலும் மாலையோடு வந்திருக்கும் வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம்.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பார்கள். கட்டினால் போதுமா? காத்துப் பார் என்கிறேன் நான்.

சுவீடனின் தெற்கே ஸ்கோனே பகுதியில், கிறிஸ்டியான்ஸ்டாட் நகருக்குக் கிழக்கே, ட்ரொல்லெ-யுங்பி என்றொரு கோட்டை இருக்கிறது. சுற்றிலும் அகழி. 17-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியபோது அந்த மண் டென்மார்க்கின் வசம். 1658 ரோஸ்கில்டே உடன்படிக்கையில்தான் சுவீடனுக்கு வந்தது. இன்றும் ஒரு பிரபுக் குடும்பத்தின் சொந்த வீடு. கட்டடம், கதை, வாரிசுச் சட்டம் என்று மூன்றும் பேசலாம் என்றுதான் வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, கதைக்கே போவோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. பக்கத்தில் மாக்லே பாறை. அங்கே பூதங்கள் கூத்தாடுவதாக ஊர்ப்பேச்சு. கோட்டை எஜமானி சிசெலாவுக்கு ஆவல் தாங்கவில்லை. 'போய்ப் பார்த்து வாடா' என்று வேலைக்காரனைக் குதிரையில் அனுப்பினாள். போனால், பாறையையே தூக்கித் தூணில் நிறுத்திவிட்டு அடியில் ஆட்டம்! ஒருத்தி ஓடி வந்து பானம் நிறைந்த ஒரு கொம்பையும் ஊதுகுழலையும் நீட்டி, 'எங்கள் ராஜா பேரைச் சொல்லிக் குடி, ஊது' என்றாள். இவன் குடிப்பானா? கொம்பிலிருந்த பானத்தைத் தோளுக்குப் பின்னால் வீசிக் கொட்டினான். குதிரையின் முதுகில் பட்ட இடமெல்லாம் ரோமம் பொசுங்கியது! கொம்போடும் குழலோடும் உழுத வயல் வழியே ஓட்டம். அகழிப் பாலத்தைத் தூக்கியதால் தப்பினான். மூன்றாம் நாள் செத்தான், மறுநாள் குதிரையும். பூதங்கள் கெஞ்சியும் எஜமானி திருப்பித் தரவில்லை.

அந்தக் கொம்பும் குழலும் இன்றும் கோட்டையில்தான். கோடையில் ஜன்னலில் வைத்துக் காட்டுவது வழக்கம். சொந்த வீடுதான், உள்ளே விட வேண்டியதில்லை, ஜன்னலையாவது திறக்கிறார்களே!

அப்புறம் சட்டம். பெரிய சொத்தைப் பிரிக்காமல் ஒரே வாரிசுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு 1963-இல் சுவீடன் முடிவு கட்டியது. அது பெரிய விஷயம், இன்னொரு நாள் பேசுவோம்.

இங்கே நம் அக்ரஹாரத்திலும் கடைத்தெருவிலும் எத்தனை பழைய வீடுகள்? கட்டிப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். காத்துப் பார்க்கிறவர்களுக்கு ஓடு மாற்றக் காசில்லை. வருடத்தில் ஒரு நாள் திறந்து வைக்கும் வீட்டுக்குச் சொத்துவரியில் சலுகை வேண்டும். தலைவர் அம்மா எதிரிலேயே கேட்கிறேன். மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள்.