எல்லாருக்கும் ஜனவரி ஒன்று

வணக்கம். என்னை அறிமுகம் செய்த தம்பி ‘உளவுத் தகவல் ஆய்வாளர்’ என்று சொன்னதும் முன்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் யாரையும் பின்தொடர்ந்து போனதில்லை. என்னிடம் கறுப்புக் கண்ணாடிகூடக் கிடையாது. இங்கிலாந்தில் ஒரு மேசை, இரண்டு கணினித் திரை, ஆறிப்போன தேநீர், இவ்வளவுதான் என் உளவு. அந்த நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ்ஸின் பணம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று பில்களிலும் பட்டியல்களிலும் தேடுவது வேலை.

என்எச்எஸ் 1948 ஜூலையில் தொடங்கியது. இங்கே மலேசியாவில் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கட்டுகிறோம். அங்கே டாக்டரைப் பார்க்க அதுவும் வேண்டாம். “காசே வாங்காத இடத்தில் என்னடி திருட்டு?” என்று அம்மா போனில் கேட்டார். நோயாளியிடம்தான் வாங்குவதில்லை அம்மா, அரசாங்கத்திடம் வாங்குகிறார்களே என்றேன். அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தோட்டத்தில் வளர்ந்தவர், செக்ரோல் தெரியாதா?

இங்கே இருக்கிற இளையவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். வந்தவனுக்குப் பேர், பேர் இருந்தால் சம்பளம். சில தோட்டங்களில் ஊரை விட்டுப் போனவன், செத்துப்போனவன் பேரெல்லாம் மாதக் கடைசி வரை உயிரோடு இருக்கும். அந்தச் சம்பளம் எங்கே போகும் என்பது கிராணிக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும்.

இங்கிலாந்தில் குடும்ப டாக்டர்களுக்கு வருமானத்தில் பெரும்பகுதி தலைக்கணக்கில் வருகிறது. பட்டியலில் எத்தனை நோயாளிகளோ அதற்கேற்பப் பணம். இறந்தவர், வீடு மாறியவர், நாட்டை விட்டே போனவர் பெயர்களும் அதில் தங்கிவிடும். அங்கே இவர்களைப் பேய் நோயாளிகள் என்பார்கள். பேருக்கும் பேய்க்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை யாரோ நீக்க மறந்தவை. 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டப்படி நேர்மையற்ற எண்ணம் இருந்தால்தான் குற்றம். மறதியையும் திருட்டையும் கணினித் திரை ஒரே சிவப்பில் காட்டும். பிரித்துப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

பல் டாக்டர்கள் கதை வேறு. 2006 ஒப்பந்தப்படி அவர்களுக்குச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு பல்லை அடைத்தாலும் இரண்டு பல்லை அடைத்தாலும் ஒரே தொகைதான். சில கெட்டிக்காரர்கள் இன்றைக்கு ஒரு பல்லை அடைத்துக் கணக்கை முடிப்பார்கள். மூன்று வாரம் கழித்து அடுத்த பல்லுக்குப் புதுக் கணக்கு. அதனால் 28 நாளுக்குள் அதே நோயாளி எத்தனை முறை திரும்பி வருகிறார் என்று எண்ணுவோம். ஒருவர் வந்தால் பல்வலி. பாதிப் பேர் வந்தால், வலி எங்களுக்கு.

மொட்டைக் கடிதங்களும் வரும். அவற்றை என்ன செய்வது? சொன்ன ஆளுக்கு 1 முதல் 3 வரை ஒரு மதிப்பு, சொன்ன செய்திக்கு ஏ முதல் இ வரை தனி மதிப்பு. இரண்டையும் கலக்கக் கூடாது. இதைப் பழகத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. விவாகரத்தான மனைவி ஆத்திரத்தில் போன் செய்து கணவனைக் காட்டிக்கொடுப்பார். ஆத்திரம் உண்மைதான், அவர் சொன்ன வங்கிக் கணக்கும் உண்மையாக இருக்கும். மிகவும் யோக்கியமான ஒருவர் நல்ல எண்ணத்தோடு சொன்னது வெறும் வதந்தியாகப் போய்விடும்.

நம் நாட்டுக்கு வருவோம். எம்சி, அதான் மருத்துவ விடுப்புச் சான்றிதழ், விலைக்கு வாங்கியதே இல்லை என்று எத்தனை பேர் கை தூக்குவீர்கள்? சரி, வேண்டாம், விடுங்கள். 2019இல் பெக்கா பி40 என்ற சுகாதாரத் திட்டம் வந்தது, 2023இல் மடானி மருத்துவத் திட்டம் வந்தது. வசதி குறைந்தவர்களுக்காகத் தனியார் கிளினிக்குக்கு அரசாங்கமே பணம் கட்டுகிறது. நல்ல திட்டங்கள். ஆனால் பில் அனுப்பினால் பணம் வரும் இடத்தில் செக்ரோல் புத்தியும் வரும். பொய்க் கணக்குக் காட்டினால் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18ஆவது பிரிவில் 20 ஆண்டு வரை சிறை.

நம் ஐசி, அதாவது அடையாள அட்டை, எண்ணே பாதி உளவாளி. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பிரசவச் செலவு என்று வந்த பில்லில் ஐசி 7இல் முடிந்தால் ஆய்வாளருக்கு அன்று தூக்கம் வராது.

ஆனால் அந்த முதல் ஆறு இலக்கத்தை நான் அப்படியே நம்புவதில்லை. காரணம் என் பாட்டி. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் வந்த அவசரகாலத்தில், 1948இல், ஐசி பதியச் சொன்னபோது பிறந்த தேதி கேட்டார்கள். “மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் பொறந்தேன்னு எங்காத்தா சொல்லும்” என்றாராம் பாட்டி. எந்த வருஷத்துத் திருவிழா? கிராணி கொஞ்சம் யோசித்து ஜனவரி 1 என்று எழுதிவிட்டார். எதிர் லயத்துக் கிழவிக்கும் அதே தேதி. 1990இல் 12 இலக்க எண் வந்தபோது அந்தப் பொய்யே பாட்டியின் எண்ணில் முதல் ஆறு இலக்கமாக ஏறியது.

ஒருநாள் இங்கிலாந்தில் என் திரையில் ஒரு கிளினிக் சிவப்பாக எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள், எல்லாருக்கும் பிறந்த தேதி ஜனவரி 1. பலருக்கு ஒரே முகவரி. “பேய்கள்!” என்றார் மேலதிகாரி, ஏதோ லாட்டரி அடித்த மாதிரி. எனக்கு உடனே அந்தக் கிராணிதான் ஞாபகத்துக்கு வந்தார். பெயர்களைப் படித்தேன்: ஆப்கானிஸ்தான், சோமாலியா, சூடான். தேதி தெரியாமல் வந்த அகதிகளுக்குக் குடிநுழைவு அதிகாரிகள் ஜனவரி 1 போடுவது வழக்கம்.

ஊகம் போதாதே. கிளினிக்கின் கணக்கைக் கிளினிக்கின் கணக்கை வைத்தே சோதிக்கவும் முடியாது. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் இரத்தப் பரிசோதனைப் பதிவை வாங்கிப் பார்த்தேன். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக இருந்தது. பேய்க்கு யாரும் சர்க்கரை பார்ப்பதில்லை. அந்த ஒரே முகவரி, அகதி முதியவர்கள் தங்கியிருந்த விடுதி.

‘நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிக் கோப்பை மேலே அனுப்பினேன். மேலதிகாரி அதில் கையெழுத்துப் போட நான்கு வாரம் எடுத்துக்கொண்டார்.