டூலெட் பலகையில் எழுதாத கேள்வி

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நகரத்தில் வெவ்வேறு சமூகத்தார் தங்கள் வாழிடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் 'தேர்ந்தெடுக்கிறார்கள்' என்ற சொல் உறுத்த ஆரம்பித்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, தென்சென்னையில் ஒரு வாசலில் டூலெட் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். வீட்டுக்காரர் பண்பானவர். நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். வாடகையும் முன்பணமும் பேசி முடித்தாயிற்று. "சொந்த ஊர் எது, தம்பி?" என்றார். சொன்னேன். "அடடே, எங்கள் பெண்ணை அந்தப் பக்கம்தான் கொடுத்திருக்கிறோம். ஊரில் எந்தத் தெரு?" என்றார்.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் தெருவைக் கேட்டால் என்ன பொருள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதையும் சொன்னேன். "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன்" என்றார். ஆள் இன்றுவரை வரவில்லை. காபி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

தாமஸ் ஷெல்லிங் என்று ஓர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 2005-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1971-இல் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு வகைக் காசுகளைக் கலந்து பரப்புகிறோம். எந்தக் காசுக்கும் மற்ற வகையின் மேல் பகை கிடையாது. அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இருந்தால் போதும் என்ற சின்ன ஆசை மட்டும் உண்டு. அதற்குக் குறைந்தால் காலிக் கட்டம் ஒன்றுக்கு நகர்ந்துவிடும். இப்படிச் சில சுற்றுகள் நகர்த்திப் பார்த்தால் கலந்து கிடந்த காசுகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. யாரும் யாரையும் வெறுக்காமலே ஊர் பிரிந்துவிடும் என்கிறார்.

அழகான கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் சென்னைப் பலகையில் காசு தன் விருப்பத்துக்கு நகர்ந்துவிட முடியாது. காலிக் கட்டத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் காபி கொடுத்துவிட்டு, எந்தத் தெரு என்று கேட்பார்.

இந்த வழக்கம் நேற்று வந்ததும் அல்ல. 1707-இல், கோட்டைக்கு வெளியே இந்தியர் குடியிருந்த சென்னைக் கறுப்பர் நகரத்தில், வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்த சாதிகளுக்குள் பெரிய சண்டை மூண்டது. எந்தக் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதுதான் தகராறு. தெருக்களைப் பிரித்துக் கொடுத்துத்தான் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகள் அதைத் தணிக்கப் பார்த்தார்கள். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையருக்கு. 1734-இல் கும்பினிக்குத் துணி தேவைப்பட்டது, நெசவாளர்களைக் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினார்கள். துணி வெளுக்க ஆள் வேண்டியிருந்த இடத்தில் வண்ணாரப்பேட்டை வந்தது. பேட்டைகளின் பெயர்களைச் சொன்னாலே யார் எந்த வேலைக்காக எங்கே வைக்கப்பட்டார்கள் என்ற பட்டியல் வந்துவிடுகிறது. பெரம்பூரில் ஆங்கிலோ-இந்தியர்கள் ஏன் என்று கேட்டால் ரயில்வே பட்டறைகள் என்பதே பதில்.

தொழில் மனிதர்களைச் சேர்த்து வைக்கும் என்கிறோம். பிரித்தும் வைக்கும், அதைத்தான் நாம் கவனிப்பதில்லை. சௌகார்பேட்டையைப் பாருங்கள். ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்தவர்கள் மின்ட் தெருவைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். மொத்த வியாபாரத்துக்கும் கைமாற்றுக்கும் பக்கத்துக் கடைக்காரனின் நாணயம் தெரிந்திருக்க வேண்டும், கோயிலும் கல்யாண உறவும் அதே தெருக்களில் இருந்தால் அது எளிது. தெற்கே இருந்து வந்த நாடார் மளிகைக்காரர்களுக்கு நேர் எதிரான நிலைமை. ஒரே தெருவில் பத்து மளிகைக் கடை வைத்தால் பத்தும் படுத்துவிடும். ஆகவே பேட்டைக்கு ஒன்று, முனைக்கு ஒன்று என்று நகரம் முழுவதும் பரவினார்கள். ஊர்ப்பற்றில் இந்த இருவரில் யாரும் குறைந்தவர்கள் அல்லர். அரிசி பருப்பு விற்கிறவன் வாடிக்கையாளர் இருக்கும் தெருவில்தான் குடியிருக்க முடியும், அவ்வளவே.

அரசாங்கம் தலையிட்டு மக்களைக் கலக்க முடியாதா என்று கேட்பீர்கள். சிங்கப்பூரில் செய்தார்கள். 1989 முதல் வீடமைப்புக் கழகக் கட்டடம் ஒவ்வொன்றிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு. கட்டடங்கள் கலந்தன. ஆனால் சீனர் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்க நினைக்கும் சிறுபான்மையினர், சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவு, விலையும் இறங்கும். அந்த இழப்பை அங்கே நம் தமிழர்களும் சுமக்கிறார்கள். இருந்தாலும், விதியை எழுதி வைத்துவிட்டுக் கேட்கிறார்களே, அது எனக்குக் கொஞ்சம் மரியாதையாகத் தோன்றுகிறது.

இனி பழைய மாமல்லபுரம் சாலைக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் மென்பொருள் நிறுவனங்களுக்கான டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதை ஒட்டி அந்தச் சாலை நெடுகப் புதிய கூட்டம் ஒன்று குடிவந்தது. வரைபடத்தைப் பார்த்து, வங்கிக் கடன் வாங்கி, நீச்சல்குளம் உண்டா என்று விசாரித்து வந்தவர்கள். 'தேர்ந்தெடுத்தல்' என்ற சொல் இவர்களுக்கு ஓரளவு பொருந்தும். தேர்ந்தெடுக்க முழு உரிமை கிடைத்தபோது இவர்கள் செய்த முதல் வேலை, தங்களைப் போலவே சம்பளம் வாங்குகிறவர்களோடு மதிலுக்குள் போனதுதான். ஷெல்லிங்கின் காசு இவர்கள்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில், அதே சாலையில், துரைப்பாக்கத்துக்கு உள்ளே கண்ணகி நகருக்கும் ஆட்கள் வந்தார்கள். கூவம் கரையிலிருந்தும் நகரின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும், லாரியில் சட்டி பானைகளோடு ஏற்றி வரப்பட்டவர்கள். கையில் ஒதுக்கீட்டு ஆணை. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நீண்டது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் ஏராளமானோர். கூவக்கரையில் அவர்கள் இருந்தது ஆற்றின் அழகுக்காக அல்ல. வீட்டுவேலை, மீன் வியாபாரம், சுமைவேலை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி வைத்ததும் வேலை அங்கேயே நின்றுவிட்டது, ஆள் இங்கே வந்துவிட்டார். காலை ஏழு மணிக்கு மயிலாப்பூரில் பாத்திரம் துலக்க வேண்டிய பெண் விடியுமுன் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். முடியாதவர்கள் வேலையை விட்டார்கள். சிலர் வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ பழைய இடத்துக்கே திரும்பினார்கள். 'கொடுத்த வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை' என்று நாம் குறை சொன்னோம். அது தெரியாமை அல்ல. அந்த மக்களுக்கு வாய்த்த ஒரே தேர்வு அதுதான்.

அங்கே வளர்ந்த பிள்ளைகள் இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். சாலையில் வரிசையாக நிற்கும் அதே கண்ணாடிக் கட்டடங்களுக்குத்தான். முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினால் நேர்காணலில் எதிரே இருப்பவரின் முகம் மாறுகிறது என்று, பலர் துரைப்பாக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் பின்கோடு ஒன்றுதான். கடிதம் எப்படியும் வந்து சேர்ந்துவிடும்.

நன்றி, வணக்கம்.