குந்தாவில் நீரேற்றும் நேரம்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பைக்காரா தண்ணீர் சிங்காராவில் டர்பைனைச் சுழற்றத் தொடங்கியது 1932-இல். நிலக்கரி எரிக்காமலே மின்சாரம் தரும் மலை இது. அதனால், அனல்மின் நிலையங்களின் கரிம வெளியீட்டுக்கு அரசு போடும் விதிகள் மேட்டூருக்கும் தூத்துக்குடிக்கும் உரியவை, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் குந்தா நீரேற்று மின்திட்டத்தால் அந்தக் கணக்கில் நம் அணைகளும் சேருகின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோகலோரி வெப்பம் செலவாகிறது என்பதை 'ஹீட் ரேட்' என்பார்கள். அது 2,400 என்றும், நிலக்கரியின் வெப்பத்திறன் கிலோவுக்கு 3,600 என்றும் வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிலக்கரி வேண்டும். எரியும் ஒவ்வொரு கிலோ கார்பனும் 3.67 கிலோ கார்பன் டைஆக்சைடாகிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். கார்பன் ஐந்தில் இரண்டு பங்கு அளவில் இருக்கும். ஆக, யூனிட்டுக்கு ஏறத்தாழ 950 கிராம் கார்பன் டைஆக்சைடு. 210 மெகாவாட் அலகு ஒன்று, அதாவது ஒரு கொதிகலனும் அதன் டர்பைனும், முழு லோடில் (முழு உற்பத்தியில்) ஒரு மணி நேரம் ஓடினால் 200 டன்.

இதற்கு விதி என்ன? 2015 டிசம்பரில் வந்த விதிகள் தூசு, கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் ஆகியவற்றுக்கு வரம்பு வைத்தன. கார்பன் டைஆக்சைடுக்கு வைக்கவில்லை. அதை மறைமுகமாகத்தான் பிடிக்கிறார்கள். எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2012 முதல் அனல்மின் நிலையங்களுக்கு ஹீட் ரேட் இலக்கு தரப்பட்டது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023-இல் கார்பன் வரவுச் சந்தைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வெளியீட்டை இலக்குக்கும் கீழே குறைத்தவர்கள் அந்த மிச்சத்தை மற்றவர்களுக்கு விற்கும் ஏற்பாடு இது. அதில் முதலில் இலக்கு பெற்றவை அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய துறைகள். நாட்டில் மிக அதிகமாக நிலக்கரி எரிக்கும் துறையை அந்த முதல் வரிசையில் வைக்காதது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

ஹீட் ரேட் இலக்கு வீண் என்று சொல்லவில்லை. நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரின் குழாய்களில் பாசியும் உப்பும் படிந்து, அதனுள் இருக்கும் வேக்யூம் (வெற்றிடம்) 10 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்தாலே, யூனிட்டுக்குச் சுமார் 20 கிலோகலோரி கூடுதலாகச் செலவாகும். 210 மெகாவாட் அலகில் அது மணிக்கு ஒரு டன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரி. குழாயைச் சுத்தம் செய்தாலே மிச்சமாகும் நிலக்கரி இது. இலக்கு இருந்தால்தான் அந்த வேலை தள்ளிப்போகாமல் நடக்கும்.

ஆனால் ஹீட் ரேட் கணக்குக்கு வேண்டிய நிலக்கரியின் வெப்பத்திறன் எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு ரயில் ரேக்கில் ஏறத்தாழ 4,000 டன் நிலக்கரி வருகிறது. அதிலிருந்து மாதிரி எடுத்து, நொறுக்கி, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி நொறுக்கி, கடைசியில் மாவாக அரைத்த ஒரு கிராமைத்தான் வெப்பத்தை அளக்கும் கலோரிமானியில் எரிக்கிறார்கள். வேகனின் மேற்பரப்பில் மட்டும் மாதிரி எடுத்தாலோ, மழையில் நனைந்த நிலக்கரியின் ஈரத்தைக் கழிக்கத் தவறினாலோ, அந்த ஒரு கிராம் 4,000 டன்னுக்கும் பொய் சொல்லும். மாதிரி எடுப்பதை நிலையத்துக்குத் தொடர்பில்லாதவர்கள் செய்ய வேண்டும்.

அடுத்தது லோடு. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அனல்மின் நிலையங்கள் தங்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 55 சதவீதம் வரை இறங்கியும் ஓடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதி. படிப்படியாக 40 சதவீதத்துக்கும் போக வேண்டும். 55 சதவீத நிலையிலேயே பழைய ரக அலகின் ஹீட் ரேட் சுமார் 6 சதவீதம் கெடும். பிறகு ஏன் நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள்? கொதிகலன் ஆறிப்போனால் மறுபடி ஏற்றப் பல மணி நேரம் பிடிக்கும். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது அந்த அலகு தயாராக இருக்க வேண்டும்.

இங்கேதான் குந்தா வருகிறது. போர்த்திமந்து மேல் அணை. அவலாஞ்சி–எமரால்டு கீழ் அணை. 125 மெகாவாட் எந்திரங்கள் நான்கு. பகலில் தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கினால் சில நிமிடங்களில் மின்சாரம் கிடைக்கும். மாலைக்கென்று ஓர் அனல் அலகை நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்கும் தேவை குறையும்.

ஆனால் நீரேற்றலில் இழப்பு உண்டு. நான்கு யூனிட் கொடுத்தால் சுமார் மூன்றுதான் திரும்பும். உபரியாக வீணாகப் போகும் சூரிய மின்சாரத்தில் ஏற்றினால் பரவாயில்லை. காற்றாலைப் பருவத்து இரவுகளிலும் சரிதான். காற்று இல்லாத இரவில், நிலக்கரி மின்சாரத்தைக் கூட்டி ஏற்றினால், திரும்பி வரும் ஒவ்வொரு யூனிட்டும் 950 கிராமுக்குப் பதில் ஏறத்தாழ 1,270 கிராம் சுமந்து வரும். அதே அணை, அதே பம்பு, நேரம் மட்டும்தான் வேறு.

ஆண்டு முழுமைக்கும் ஒரே சராசரி போடும் விதியில் இந்த வேறுபாடு தெரியாது. மின்தொகுப்பில் ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 கூறுகளாகப் பிரித்துத்தான் யார் எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே அட்டவணை போடுகிறார்கள். குந்தாவின் பம்புகள் எந்தெந்தக் கூறில் ஓடுகின்றன, அப்போது எந்த அனல் அலகு லோடைக் கூட்டுகிறது என்ற இரண்டு தகவல்களையும் ஒழுங்குமுறை ஆணையம் சேர்த்து வெளியிடச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. மீட்டர்கள் இருக்கின்றன, பதிவுகளும் இருக்கின்றன.

நன்றி, வணக்கம்.