ஒரே பூட்டு, இரண்டு முடிவு: தற்கொலையைத் தடுக்க ஊர் என்ன செய்யலாம்?

வணக்கம். இலங்கையில் 180 கிராமங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் ஒரு பகுதி கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்ட பெட்டி கொடுத்து, பூச்சிமருந்தை அதற்குள் வைக்கச் சொன்னார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், மருந்து குடிப்பது குறையவே இல்லை. நம்ம கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்திலும் மருந்தைப் பூட்டித்தான் வைத்தார்கள். இங்கே தற்கொலைகள் குறைந்தன. இரண்டு இடத்திலும் பூட்டுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

தொடங்குவதற்கு முன்னால் ஒன்று. உங்கள் வீட்டில் இப்படி ஒரு இழப்பு நடந்திருந்தால், இப்போது பார்க்க மனசு வரவில்லை என்றால், நிறுத்திவிட்டு அப்புறம் வாருங்கள். யாராவது கூட இருக்கும்போது பார்த்தால் இன்னும் நல்லது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் இந்தியாவில் அரசுக் கணக்குப்படி 1,70,924 பேர் தற்கொலையில் இறந்தார்கள். முயற்சி செய்து பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

சரி, பூட்டுக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

(திரையில்: கிராமத்துக் கிடங்கு, உள்ளே வரிசையாகப் பெட்டிகள்)

சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்று பொதுக் கிடங்கு அமைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, கிடங்கு இல்லாத இரண்டு கிராமங்களையும் எடுத்துக்கொண்டார்கள். கிடங்குக்குள் வங்கி லாக்கர் மாதிரி ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி. பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. மருந்து அடிக்கிற அன்றைக்கு வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டியது. அவ்வளவுதான் ஏற்பாடு.

இப்போது ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ராத்திரி பதினோரு மணி. அப்பாவுக்கும் மகனுக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. கொல்லையில் பெட்டி இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது. ஆனால் சாவி சாமி மாடத்துக்குக் கீழே ஆணியில் தொங்குவது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் இருக்கும் பூட்டு தோற்பது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். அதே மருந்து கிடங்கில் இருந்தால்? தெருவில் இறங்கி நடக்க வேண்டும். திண்ணையில் யாராவது படுத்திருப்பார்கள், "எங்கப்பா இந்நேரத்துல?" என்று ஒரு குரல் வரும். கிடங்கும் மூடியிருக்கும், விடியும்வரை காத்திருக்க வேண்டும். பல முயற்சிகள் சில நிமிஷங்களில், சில மணி நேரத்துக்குள் எடுக்கிற முடிவுகள். அந்த நேரம் கடந்துவிட்டால் எத்தனையோ பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். கிடங்கு வாங்கிக் கொடுப்பது அந்த நேரத்தைத்தான்.

இரண்டு கிராமம் என்பது சின்ன ஆய்வு, அதை மட்டும் வைத்து எல்லா ஊருக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் இலங்கையையே பாருங்கள். பெட்டி கைகொடுக்காத அதே நாட்டில், ஆபத்து அதிகமான பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1995-க்கும் 2015-க்கும் நடுவில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக மதிப்பீடு. "சாக முடிவு பண்ணினவனை யாரால தடுக்க முடியும்?" என்று நம் ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு இந்த எண்ணைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு ஆய்வு. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், முயற்சி செய்து பிழைத்த 1,867 பேரிடம் நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம் 18 மாதங்களில் ஒன்பது முறை போன் செய்தோ நேரில் போயோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். திரும்பத் திரும்பப் போய் விசாரித்ததால் வந்த வித்தியாசம் இது!

இழந்த வீட்டுக்கும் இப்படி ஆள் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்த வீட்டில் அழுவதற்கு முன்னாலேயே போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை, ஜி.எச். வாசலில் காத்திருப்பு. பதினாறாம் நாள் காரியம் வரை கூட்டம் இருக்கும். பந்தல் பிரித்த மறுநாளிலிருந்து தெருவில் முகம் பார்த்துப் பேசக்கூட ஆள் இருக்காது. வருகிற ஒருவரும் "முன்னாடியே உனக்குத் தெரியலையா?" என்று கேட்பார். அந்த அம்மா ராத்திரி முழுக்கத் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். எப்படி நடந்தது என்றும் கேட்காதீர்கள்.

இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் வைத்த செடி, ஓட்டிய வண்டி, அடித்த கிண்டல் எல்லாம் பேசலாம். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போகக் கூடத் துணைக்குப் போங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற முதல் நாள் கூட நடந்து போங்கள். அந்த வீட்டில் யாராவது தளர்ந்துபோனதாகத் தெரிந்தால், "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்று சொன்னால், அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கமென்ட்டில் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். யார், எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டாம். அந்த நாட்களில் உங்களுக்கு யார் என்ன செய்தது உதவியாக இருந்தது என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு இன்னொருவர் நாளைக்கே பக்கத்து வீட்டுக்குப் போவார்.

(திரையில் எண்கள்)

இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சென்னை சினேகா 044-24640050. இலங்கையில் 1926. மூன்றையும் டிஸ்கிரிப்ஷனில் போட்டிருக்கிறேன். இழந்தவர்களும் கூப்பிடலாம், அவர்களுக்காகக் கவலைப்படுகிறவர்களும் கூப்பிடலாம்.