குறிலா, நெடிலா?

நண்பர்களே, வணக்கம். உள்ளே வரும்போது வாசலில் கிடந்த பாதாம் இலை ஒன்றைக் கையோடு எடுத்து வந்திருக்கிறேன். நன்றாகச் சிவந்த இலை. காம்பின் அடியைப் பாருங்கள். பிய்ந்த தடமே இல்லை, தேய்த்துவிட்டதுபோல வழவழவென்று இருக்கிறது. இது இப்படியே மேஜைமேல் இருக்கட்டும்.

இப்படி இலை கொட்டும் மரத்தை ஆங்கிலத்தில் ‘டெசிடுவஸ்’ என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். லத்தீனில் ‘கதெரே’ என்றால் விழுவது. முன்னால் ‘தே’ சேர்ந்தால் ‘தேகிதெரே’, கீழே விழுவது. ஆக்சிடென்ட்டுக்கும் இதே வேர்தான்; நம் தலைமேல் வந்து விழுவதல்லவா அது! பல் மருத்துவர்கள் பால் பல்லுக்கும் இதே அடைமொழியைத்தான் போடுகிறார்கள்.

சரி, லத்தீனில் ‘தேகீதெரே’ என்று இன்னொரு வினையும் உண்டு. அங்கே குறில் ‘கி’, இங்கே நெடில் ‘கீ’. தமிழில் எழுதினால் பளிச்சென்று தெரிகிறது. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே கிடக்கும். நெடில் வினையின் வேர் ‘கைதெரே’, வெட்டுவது. இழுபறியை வெட்டி முடிக்கும் ‘டிசைட்’ இதிலிருந்து வந்தது. பூச்சிமருந்து டப்பாவில் பார்க்கும் பெஸ்டிசைடின் ‘சைடு’ம் இந்தக் குடும்பம்தான்.

என்னைக் கேட்டால், மரத்துக்கு நெடில்தான் பொருத்தம். இலை சும்மா விழுவதில்லை. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய செல்களாலான ஓர் அடுக்கு இருக்கிறது. நேரம் வந்ததும், அந்தச் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை நொதிகள் கரைக்கின்றன. கிளைப்பக்கம் தக்கை போன்ற படலம் வளர்ந்து காயத்தை மூடிவிடுகிறது. அப்புறம் லேசாகக் காற்றடித்தால் போதும். இந்த வழவழப்பு அப்படி வந்ததுதான்.

நம்பிக்கை இல்லையென்றால், பச்சையாக இருக்கும்போதே முறிந்துபோன கிளையைப் பாருங்கள். இலைகள் கருகிச் சுருண்டு, வாரக்கணக்கில் அப்படியே தொங்கும். இலையை வெட்டிவிட வேண்டியது மரம்; அந்த மரத்தோடுதான் தொடர்பு அறுந்துவிட்டதே!

நாம் ‘இலையுதிர் மரம்’ என்கிறோம். இலை உதிரும் மரமா, இலையை உதிர்க்கும் மரமா? இலக்கண வாத்தியாரைக் கேட்டால் இரண்டும் சரி என்பார்.