குன்றின் மேல் இருந்துகொண்டு குடத்துக்குள் விளக்கு

(ஹட்டனில் நடந்த கலைவிழா ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றி வைத்த நகரசபைத் தவிசாளர் அவர்களே, பொன்னாடைக்கும் ஓர் உண்மையான பயன் உண்டு என்று இந்தக் குளிரில் நிரூபித்துக்கொண்டிருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, அதிபர்மாரே, ஆசிரிய நண்பர்களே, கோயில் பரிபாலன சபைப் பெரியவர்களே, பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வேலை முடித்த கையோடு வந்திருக்கும் தலைவர்மாரே, தாய்மாரே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம். எவர் பெயராவது விடுபட்டிருந்தால் நன்றியுரை சொல்லும் தம்பி சேர்த்துக்கொள்வார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, உலகக் கலைக்கூடங்களில் ஒரு பரீட்சார்த்தத் திரைப்படக் கலைஞர். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, மைக்கேல் ஸ்னோ என்ற கனடாக்காரர் எங்கெங்கே காட்சி வைத்தார் என்பது. இரண்டு, ஹொலோகிராம் என்றால் என்ன என்பது. மூன்று, அவருடைய சங்கீதம். அவர் நல்ல ஜாஸ் பியானோக்காரரும் கூட. மூன்றையும் முடித்துவிடுவேன் என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மைக்கேல் ஸ்னோ 1928இல் ரொறன்ரோவில் பிறந்தார். 2023 ஜனவரியில் காலமானார். ஓவியம், சிற்பம், புகைப்படம், சினிமா, இசை, கடைசியில் ஹொலோகிராம் என்று எதையும் விட்டுவைக்காத மனிதர். வெனிஸ், நியூயோர்க், பாரிஸ் எல்லாம் பிற்பாடு வந்தவை. ஆரம்பம் எங்கே தெரியுமா? அவர் ஊரிலேயே ஏவ் ஐசக்ஸ் என்பவர் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் தொழில் செய்துகொண்டிருந்தார். அந்தப் பிழைப்பிலிருந்து வந்தவர் 1950களில் ஒரு சின்னக் காட்சிக்கூடம் திறந்தார். ஸ்னோவின் படங்கள் முதல் காலத்தில் தொங்கியது அந்தச் சுவரில்தான். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே வருவேன்.

குடத்துக்குள் வைத்த விளக்கு, குன்றின் மேல் வைத்த விளக்கு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பழமொழியை நான் மேடைக்கு மேடை சொல்வதாக ஒரு புகார் உண்டு. அது நிறைவேறும் வரை சொல்லத்தான் செய்வேன்.

1961 முதல் 1967 வரை அவர் ஒரே ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தார். நடந்துபோகும் ஒரு பெண்ணின் வெட்டுருவம். அதைத் தாளில், துணியில், உலோகத்தில், தெருவில், ரயில் நிலையத்தில் என்று எங்கும் வைத்துப் பார்த்தார். மொன்றியலில் 1967இல் நடந்த உலகக் கண்காட்சியில் ஒன்ராறியோ மண்டபத்துக்குத் துருவேறாத எஃகில் அதே பெண்ணைப் 11 உருவங்களாக நிறுத்தினார். நியூயோர்க்கில் ஒரு மாடி அறையில் எடுத்து, அதே வருஷம் அவர் முடித்த படம்தான் ‘வேவ்லெந்த்’. 45 நிமிஷம். கமரா அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர்ச் சுவரை நோக்கி மெல்ல நெருங்குகிறது, அவ்வளவுதான் கதை. நடுவில் ஓர் ஆள் உள்ளே வந்து தரையில் விழுகிறான். நம்முடைய சினிமா என்றால் அங்கே மழை பெய்து, வயலின் அழுது, தங்கை ஓடிவருவாள். இந்தக் கமரா அவனைப் பொருட்படுத்தாமல் அவனுக்கு மேலாகப் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் சுவரில் ஒட்டியிருக்கும் கடலலைப் புகைப்படத்துக்குள் போய் நிற்கிறது. பெல்ஜியத்தில் க்னொக்க என்ற கடற்கரை ஊரில் நடந்த பரீட்சார்த்தத் திரைப்பட விழாவில் இதற்குத்தான் முதல் பரிசு.

1970இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்குக் கனடாவின் சார்பில் அவர் போனார். 1971இல் வந்தது ‘லா ரெஜியோன் சென்ட்ரால்’ என்ற படம். கனடாவின் கியூபெக் மாகாணத்து வடபகுதியில் மனுஷர் வாசமில்லாத ஒரு மலையுச்சி. ஹெலிகொப்டரில் போய் இறங்கி, எந்தப் பக்கமும் சுழலக்கூடிய ஓர் இயந்திரக் கையில் கமராவைப் பொருத்தி, அதையே சுற்றவிட்டு எடுத்தார்கள். பாறை, வானம், பாறை, வானம். மூன்று மணி நேரம்! நீங்கள் சிரிப்பது புரிகிறது. மூன்று மணி நேரம் மலையைப் பார்க்க டிக்கட் எதற்கு, கொழுந்துக் கூடையோடு ஏறினால் நாள் முழுக்கப் பார்க்கலாமே என்கிறீர்கள். சரிதான். ஆனால் அந்த மலையில் யாருமே இல்லை. நம் மலையைப் படம் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். அஞ்சலட்டையில், காலண்டரில், தேயிலைப் பெட்டியில் பச்சையாகச் சிரிக்கிறது. இங்கே பிறந்த பிள்ளை கமராவைப் பிடித்தால் அது என்ன பார்க்கும்? அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

இனி வாத்துக் கதை. இதைச் சொல்லாமல் இறங்கினால் வீட்டில் சோறு கிடையாது.

ரொறன்ரோவில் ஈட்டன் சென்டர் என்று ஒரு பெரிய கடைத்தொகுதி. கனடாவில் சொந்தக்காரர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள், அங்கே போய் நின்று போட்டோ எடுக்காதவர் இருக்க மாட்டார். அந்தக் கட்டடத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே 1979இல் ஸ்னோ 60 வாத்துகளைத் தொங்கவிட்டார். நிஜ வாத்து இல்லை. கண்ணாடி இழையில் செய்து, மேலே வாத்தின் புகைப்படத்தையே தோலாகப் போர்த்தியது. தூரதேசம் போய்த் திரும்பும் கூட்டம் இறங்கத் தயாராகும் அந்தக் கணம். கடைத்தொகுதி முதலாளிமார் காசு கொடுத்து வாங்கியாயிற்று. படைப்பு இனி அவர்களுடையது. அப்படித்தான் அவர்களும் நினைத்தார்கள்.

1982 வந்தது, நத்தார் வந்தது. நத்தார் வந்தால் கடைக்காரர் சும்மா இருப்பாரா? சிவப்பு நாடா வாங்கி, ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு வாத்தின் கழுத்திலும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் எவ்வளவு காலம் வாத்து எப்படிப் பறக்கும், கழுத்தை எப்படி நீட்டும், இறக்கையை எப்போது மடக்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார். இப்போது அறுபதும் நேர்சரிப் பிள்ளைகள் மாதிரி ரிப்பன் கட்டிக்கொண்டு தொங்குகின்றன! வேறொருவராக இருந்தால், போகட்டும், ஜனவரியில் கழற்றிவிடுவார்கள்தானே என்று விட்டிருப்பார். நம்மூர்க்காரர் என்றால் கல்யாண வீட்டில் யாரிடமாவது குறைபட்டுக்கொள்வார். ஸ்னோ நேராக நீதிமன்றம் போனார். வீனஸ் சிலைக்குத் தோடு மாட்டிவிட்டது போல இருக்கிறது என்பது அவருடைய வாதம். விற்ற பொருளில் உனக்கு என்னப்பா உரிமை என்பது எதிர்த்தரப்பு. நீதிபதி கேட்டார், பார்த்தார். பொருளை விற்கலாம், படைத்தவனின் மானத்தை விற்க முடியாது என்கிற பக்கம் தீர்ப்புச் சாய்ந்தது. நாடாக்களைக் கழற்று என்று உத்தரவு. அந்த நத்தாருக்கு முன்னமே ஏணி திரும்ப வந்தது, ஏறியவர்களே இறக்கினார்கள். வாத்துகள் இன்றைக்கும் அங்கே வெறுங்கழுத்தோடு பறக்கின்றன.

நீங்கள் கைதட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த உரிமை நமக்கும் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 10ஆம் பிரிவு. படைப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், அதைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் உயர்தரப் பிள்ளை ஒருத்தி மதிலில் கொழுந்து எடுக்கும் கைகளை மட்டும் பெரிதாக வரைந்தாள். விரல் நகத்தில் ஏறிய சாயக்கறை வரை தெரியும். பிரமுகர் ஒருவர் வரப்போகிறார் என்று அதன் மேல் வெள்ளையடித்து ‘நல்வரவு’ எழுதிவிட்டார்கள். பிரமுகர் வரவும் இல்லை. பெயர் சொல்ல மாட்டேன், அந்தப் பாடசாலைக்காரர் ஒருவர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்.

சரி, ஹொலோகிராம். வங்கி அட்டையைச் சாய்த்தால் ஒரு புறா பறக்கும், அது அந்தக் குடும்பத்துக் கடைக்குட்டி. கண்டுபிடித்தவர் ஹங்கேரியில் பிறந்த டெனிஸ் காபோர், 1947இல், இங்கிலாந்தில். இலத்திரன் நுணுக்குக்காட்டியைத் திருத்தப் பார்த்தார், கையில் கிடைத்தது இது. ஆனால் அதற்குத் தோதான ஒளி அப்போது இல்லை. 1960இல் லேசர் வந்த பிறகுதான் காரியம் நடந்தது. அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது 1971இல்.

செய்முறை இதுதான். ஒரு லேசர் கதிரை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று பொருளில் பட்டுத் தகட்டுக்கு வரும், மற்றது நேராக வரும். குளத்தில் இரண்டு கல் விழுந்தால் வளையங்கள் ஒன்றையொன்று வெட்டிக் கோலம் போடுமே, அந்த மாதிரிக் கோலம் தகட்டில் பதியும். பிறகு அதன் மேல் சரியான ஒளியைப் பாய்ச்சினால் பொருள் இல்லாத இடத்தில் பொருள் நிற்கும். தலையைச் சாய்த்தால் அதன் பக்கவாட்டையும் பார்க்கலாம். ஒரு சங்கடம், பதியும் போது எதுவும் அசையக் கூடாது. நூல் அளவு கூட வேண்டாம், அதைவிட எத்தனையோ மடங்கு சின்ன அசைவு போதும், படம் போய்விடும். அதனால் நிலவறையில் மணல் நிரப்பிய மேசை போட்டு இரவில் வேலை செய்தார்கள். நம் ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் இது சரிப்படாது.

இடையில் ஒன்று. 2014இல் இந்தியத் தேர்தலில் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் மோடி தோன்றினாரே, அதையும் ஹொலோகிராம் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. அது இது இல்லை. சாய்த்து வைத்த கண்ணாடியிலோ மெல்லிய தாளிலோ விழும் பிம்பம். 1862இல் லண்டன் நாடக மேடையில் பேய் காட்டிய அதே வித்தை.

ஸ்னோ 1986இல் வன்கூவர் உலகக் கண்காட்சிக்காக ‘த ஸ்பெக்ட்ரல் இமேஜ்’ என்ற பெரிய ஹொலோகிராம் காட்சியைச் செய்தார். கமராவால் வாழ்நாள் முழுக்க ‘பார்ப்பது என்றால் என்ன’ என்று கேட்டவருக்கு, பார்ப்பவர் நகர்ந்தால்தான் முழுசாகத் தெரியும் ஒரு படம் வாய்த்தது. இதைப் புத்தகத்தில் அச்சடிக்க முடியாது, போனில் அனுப்பவும் முடியாது. நேரே போய் நிற்க வேண்டும். நிற்க ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்துக்குத்தான் வருகிறேன். நியூயோர்க்கில் 1976இல் ஹொலோகிராமுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1992இல் மூடிவிட்டார்கள். ஆனால் அந்தத் தகடுகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து அருங்காட்சியகம் வாங்கிக் காப்பாற்றியது. ஒரு கூரை போனால் இன்னொரு கூரை. வன்கூவர் கண்காட்சித் திடலில் ஒரு பழைய ரயில் எஞ்சின் கொட்டகையும் இருந்தது. இடிக்கவில்லை, பழுதுபார்த்துக் காட்சிக்குக் கொடுத்தார்கள். இப்போது அது அந்தப் பகுதி மக்களின் கலை மையம்.

இங்கே என்ன இல்லை? கந்தப்பளையில் தேயிலை ஸ்டோர் ஒன்று, அதாவது பழைய தேயிலைத் தொழிற்சாலை, நட்சத்திர ஹோட்டல் ஆகியிருக்கிறது. ஹந்தானையில் ஒரு ஸ்டோர் தேயிலை அருங்காட்சியகம். அங்கே இயந்திரங்கள் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள், குறை சொல்ல மாட்டேன். இயந்திரத்துக்கு ஒரு கூரை கிடைத்துவிட்டது. நம் பிள்ளைகளின் படத்துக்கு? போன மாதம் கோயில் மண்டபத்தில் ஓவியக் காட்சி வைத்தோம். விடியும்போது பனி ஏறி, தாள் சுருண்டு, செலோடேப் கழன்று, பாதிப் படங்கள் தரையில் கிடந்தன. காமன் கூத்து ஆடுபவர்களின் பழைய கிரீடங்கள் லயத்துப் பரணில் பூச்சி அரிக்கின்றன. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்தெல்லாம் எவரிடமாவது பழைய கசட்டில் இருக்கும், அதுவும் ஓடுமோ தெரியாது. நாம் குடியிருப்பதே குன்றின் மேல். விளக்கைத்தான் குடத்துக்குள் வைத்திருக்கிறோம்.

பூட்டிக் கிடக்கும் ஸ்டோர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஒன்று போதும். முழுக் கட்டடம் கூட வேண்டாம், கொழுந்து வாட்டும் மேல் தட்டு ஒன்றைத் தந்தால் போதும். நீளமான அறை, இரண்டு பக்கமும் ஜன்னல், மரத் தரை. காட்சிக்கூடத்துக்கென்றே கட்டிய மாதிரி இருக்கும். ஈரம் தாங்கும் பலகை, நல்ல விளக்கு, ஒரு காவலாளி, ஒரு பூட்டு. ஐசக்ஸிடம் இதைவிட அதிகமாக என்ன இருந்தது?

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். சங்கீதம் பற்றிச் சொல்ல நேரமில்லை, மன்னிக்க வேண்டும். ஸ்னோவின் ஊரில் 1994இல் இரண்டு பெரிய கூடங்கள் சேர்ந்து அவருடைய வாழ்நாள் வேலை முழுவதையும் காட்டியதையும், பிரான்ஸ் கொடுத்த விருதையும் சொல்ல வைத்திருந்தேன். அடுத்த விழாவுக்குக் கூப்பிட்டால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் ஒரு மனு இருக்கிறது, காட்சிக்கூடத்துக்கு இடம் கேட்டு. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், யாரும் மறந்து பையில் போட்டுக்கொள்ள முடியாது. முதல் வரியைத் தவிசாளர் அவர்களுக்காக வெறுமையாக விட்டிருக்கிறோம். அவர் போட்ட பிறகு கல்விப் பணிப்பாளர், அப்புறம் மற்றவர்கள் வரிசையாக வரலாம். டிக்கோயா பக்கம் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் மட்டும் முந்திக்கொள்ளுங்கள், தவிசாளர் கோபிக்க மாட்டார்.

நன்றி, வணக்கம்.